கடைசி கிரேஸுக்கு முன்னாடி

786
ஜொகூர் பாரு
1 டிசம்பர் 1936

மச்சானுக்கு ஜெய்னம்பு எழுதுறது. சலாம்.

உங்க கடுதாசி வந்துச்சு. நோன்பு வச்சுக்கிட்டு கோவப்படக் கூடாதுன்னு உம்மா சொல்றாங்க. அதனால கோவப்படாம கேக்குறேன். பதில் நேரா வரணும், சுத்தி வளைக்கக் கூடாது.

போன ஜூன் மாசம் என்ன எழுதினீங்க? ‘இங்கே மக்ரிப் தொழுகை இரவு ஒன்பதரைக்கு.’ சரி, வெள்ளைக்காரன் ஊரு, கடியாரம் ஒரு மாதிரி ஓடும்போலன்னு விட்டுட்டேன். இப்ப எழுதுறீங்க, ‘மாலை நாலு மணிக்கு நோன்பு திறந்துவிட்டேன்.’ ஒரே ஊரு, ஒரே சூரியன், ஒரே மச்சான். இதுல எது பொய்? நான் பொறந்ததுலேர்ந்து இங்க ஆறேகாலு வாக்குலதான் பொழுது சாயுது. ஒரு மாசமாச்சும் மாறியிருக்கா? நாலு மணிக்கு வாப்பா சாப்பாட்டுக் கடையில நோன்புக் கஞ்சிக்கு அப்பத்தான் அரிசி களையுவாங்க. பசி தாங்காம தின்னுட்டு ‘திறந்துவிட்டேன்’னு எழுதுறீங்களா?

இதைவிடப் பெருசு ஒண்ணு இருக்கு. வக்கீலாகணும்னா பரீட்சை மட்டும் பத்தாது, ஹால்ல உக்காந்து ராத்திரிச் சாப்பாடு சாப்பிடணும், சாப்பிட்டாத்தான் பேரைப் பதிவாங்கன்னு எழுதியிருந்தீங்களே. வாப்பா அதைக் கடையில சத்தமா படிச்சுட்டாங்க. ஒரே சிரிப்பு. “தின்னா வக்கீலாகலாம்னா நம்ம கடைக்கு வர்றவன்லாம் இந்நேரம் ஜட்ஜா இருக்கணுமே, உதுமான் பாய்!” அப்படீன்னு ஒருத்தர்.

ஹார்பர் ஆபீஸ் கிளார்க் ஜெயபாலன் அண்ணனும் அப்ப அங்க இருந்தாரு. அவரு சிரிக்கல. “பாய், உங்க மருமகன் சேந்திருக்கிற எடத்துக்குப் பேரு என்ன சொன்னீங்க, ‘இன்’தானே? இன்னுன்னா சாராயம் விக்கிற சத்திரம். படிப்பு முடிஞ்சா ‘பாருக்குக் கூப்பிடுவாங்க’ன்னு வேற எழுதியிருக்காரு. பாருன்னா என்னான்னு சிங்கப்பூர்ல யாரை வேணா கேட்டுப் பாருங்க.”

அவ்ளோதான். வாப்பா கடையை மூடிட்டு வீட்டுக்கு வந்துட்டாங்க. “சத்திரத்துல சேந்து, தின்னு, குடிச்சு, கடைசியில சாராயக் கடைக்குக் கூப்பிடுவானாம். இவனுக்கு எம்பொண்ணா? நிக்காஹ் ஆயிருந்தா என்ன, பெருநாள் முடியட்டும், காஜியார்கிட்ட போயி பிரிச்சு விடச் சொல்றேன்”னு ஒரே சத்தம். உம்மா அழுவுறாங்க.

நான் அழுவல. உங்களுக்குத்தான் தெரியுமே, பேப்பர் வந்தா நான் மொதல்ல பாக்குறது கோர்ட்டுப் பக்கம். கொலைக் கேஸ், நெலத்துக் கேஸ், எது வந்தாலும் சாட்சி சொன்னதை ரெண்டு தடவை படிச்சுட்டுத்தான் சோறே எறங்கும். பொய் சாட்சி எப்பவும் நேரத்துலதான் மாட்டுவான். நீங்களும் நேரத்துலதான் மாட்டியிருக்கீங்க.

பதில் போடுங்க.

ஜெய்னம்பு


786
லண்டன்
13 டிசம்பர் 1936

அன்புள்ள ஜெய்னம்பு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் கண்டேன். அதில் என்மீது உனக்குள்ள ஐயம் கண்டு மிக வருந்தினேன்.

இத்தேசத்தில் கோடைக்காலத்தில் சூரியன் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் மறைகிறது. குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. இது அல்லாஹ்வின் ஏற்பாடு; நான் செய்த ஏற்பாடு அன்று.

‘இன்’ என்பது சாராயச் சத்திரம் அன்று. முற்காலத்தில் சட்டம் கற்றவர்கள் கூடித் தங்கிய விடுதி. விடுதி போய்ப் பெயர் நின்றுவிட்டது. ‘பார்’ என்பது நீதிமன்றத்தில் வழக்கறிஞர் நிற்குமிடத்தில் உள்ள மரத் தடுப்பு. அதன் அருகே வந்து வாதாட அழைப்பதே அந்த அழைப்பு. ஜெயபாலன் அவர்கள் கப்பல் சரக்கு எழுதுபவர். அவருக்கு இது தெரியாததில் வியப்பில்லை.

இங்கே மாணவனாகப் பதிவு செய்ய நன்னடத்தைக்குக் கண்ணியமான இருவர் கையெழுத்திட வேண்டும். அது செய்தாயிற்று. பிறகு வருடத்துக்கு நான்கு தவணை. மொத்தம் பன்னிரண்டு தவணை முடிக்க வேண்டும். ஒவ்வொரு தவணையிலும் ஆறு இரவு ஹாலில் சாப்பாட்டுக்கு வர வேண்டும். ரோமன் சட்டம், குற்றவியல் சட்டம் முதலியவற்றில் பரீட்சை தனி. பரீட்சையில் முதலாவதாக வந்தாலும் சாப்பாடு குறைந்தால் வழக்கறிஞன் ஆக முடியாது. பெரியவர்களோடு உட்கார்ந்து பழகினால்தான் தொழில் வரும் என்பது இவர்கள் எண்ணம்.

மேசைக்கு நான்கு பேர். நாலு பேருக்குச் சேர்த்து மது வைப்பார்கள். நான் தொடுவதில்லை என்று தெரிந்ததும் என் மேசைக்கு வர ஒரே போட்டி! என் பங்கு அவர்களுக்குத்தானே. இறைச்சியும் தொடுவதில்லை. ரொட்டியும் உருளைக்கிழங்கும்தான். கடைசியில் பாதிரியார் எழுந்து அவர்கள் மார்க்கப்படி ஓதுவார். அதற்கு முன்னமே நான் எழுந்து வெளியே வந்துவிடுவேன். ஈமானோடு இருக்கிறேன் என்று மாமாவிடம் சொல்.

பெருநாள் வாழ்த்து. 

உன் சுப்ஹான்


786
ஜொகூர் பாரு
28 டிசம்பர் 1936

மச்சானுக்கு சலாம்.

சூரியன் விசயத்துல உங்களை விட்டுட்டேன். பக்கத்து வீட்டு மலாய் அம்மா, மக்சிக் மிடாவோட புருசன் முன்னாடி கப்பல்ல சமையல்காரரா இருந்தவரு. அவருகிட்ட கேட்டேன். “அலமாக்! லிவர்பூல்ல ஒரு தடவை அசர் தொழுகைக்கு கை கால் கழுவி ஒளு எடுத்துட்டுத் திரும்பினேன், மக்ரிபே வந்துருச்சு”ன்னு சொல்லி மனுசன் அப்படிச் சிரிக்கிறாரு. சரி, அந்தக் குத்தச்சாட்டு தள்ளுபடி.

மத்தது நிக்குது. நீங்க எழுதினதை வாப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். மரத் தடுப்பு வரைக்கும் கம்முனு கேட்டாங்க. மது வைப்பாங்கன்னு வந்துச்சு பாருங்க, நாற்காலிய தள்ளிட்டு எந்திரிச்சுட்டாங்க.

“மேசையில வச்சுட்டுத் தொடலையாம்! பாத்தியா நீ? நான் பாத்தேனா? சாட்சி யாரு, அவன் பங்கையும் சேத்துக் குடிச்ச மூணு வெள்ளைக்காரனா?”

வாப்பா கேக்குறதும் நியாயம்தான் மச்சான். கேஸ் அப்படித்தான் இருக்கு.

உம்மா கெஞ்சினதுல ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் தவணை கொடுத்திருக்காங்க. அதுக்குள்ள நீங்க மது குடிச்சே ஆகணும், அவன் சாப்பாட்டைத் தின்னே ஆகணும்னு சட்டத்துல இல்லைன்னு காட்டணும். காட்டலைன்னா காஜியார் வீடுதான். ரெங்கம் ஊருலேர்ந்து பெரியவாப்பாவை சாட்சிக்கு வரச் சொல்லி ஆள் விட்டாச்சு. எனக்குத் தெரியாம யாருக்கோ மாப்பிள்ளை வேற பாக்குறாங்க, எனக்குத்தான்னு நெனைக்கிறேன்.

அதனால உங்க கதை வேணாம். விதி வேணும். சாப்பாட்டைப் பத்தி அவங்க பொஸ்தகத்துல என்ன போட்டிருக்கோ, அதை அப்படியே பாத்து எழுதுங்க. இங்கிலீஷ்ல ஒரு தடவை, கீழ தமிழ்ல ஒரு தடவை. ஜெயபாலன் அண்ணன்கிட்ட காட்டச் சொல்லுவாங்க, அதனால ஒரு எழுத்தும் மாறக் கூடாது.

இன்னொண்ணு. இவ்ளோ நாள் என்கிட்ட ‘ஏ புள்ள’ன்னு பேசினவரு, இந்தக் கடுதாசில ‘ஐயம் கண்டு வருந்தினேன்’னு எழுதுறீங்க. யாரு எழுதிக் கொடுத்தா?

ஜெய்னம்பு


786
லண்டன்
10 ஜனவரி 1937

அன்புள்ள ஜெய்னம்பு,

யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. வழக்கறிஞன் ஆகப் போகிறவன் நல்ல தமிழ் எழுதிப் பழக வேண்டாமா?

நீ கேட்டபடி மாணவர் விதியை ஆங்கிலத்தில் தனித் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். தமிழில் அதன் பொருள்:

‘தவணை கணக்கில் சேர வேண்டுமானால் மாணவன் ஹாலில் நடக்கும் சாப்பாட்டுக்கு வந்திருக்க வேண்டும். ஆரம்பத்தில் மரியாதையோடு இருந்து, சாப்பாடு முழுவதும் அங்கிருந்து, முடிவிலும் மரியாதையோடு இருக்க வேண்டும்.’

பார்த்தாயா? ‘வந்திருக்க வேண்டும்’ என்றுதான் இருக்கிறது. சாப்பிட வேண்டும் என்றோ குடிக்க வேண்டும் என்றோ ஒரு சொல்லும் இல்லை. மாமாவிடம் இதைக் காட்டு. போதும்.

தாளை நீ வைத்துக்கொண்டு சிரமப்படாதே. அதெல்லாம் சட்ட ஆங்கிலம், உனக்குப் புரியாது.

குளிர் கடுமை. படிப்பு நன்றாக நடக்கிறது. தவணைகள் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கின்றன.

உன் சுப்ஹான்


786
ஜொகூர் பாரு
24 ஜனவரி 1937

மச்சானுக்கு.

‘உனக்குப் புரியாது’ன்னு ஏன் எழுதினீங்க? அதை எழுதாம இருந்திருந்தா நான் தாளை அப்படியே வாப்பாகிட்ட கொடுத்திருப்பேன். குடிக்கணும்னு விதியில்ல, கேஸ் முடிஞ்சுச்சுன்னு நிம்மதியா பசியாறியிருப்பேன்.

இப்ப தாள் என்கிட்டதான் இருக்கு. யாருக்கும் காட்டல.

சிங்கப்பூர் பழைய பொஸ்தகக் கடையில நான் டிக்சனரி வாங்கினப்ப நீங்க சிரிச்சீங்க. முன்னட்டை இல்லாத அதை வச்சுத்தான் ஒவ்வொரு வார்த்தையா தட்டிப் பாத்தேன். எல்லாம் நீங்க சொன்னதோட பொருந்துது. ஒண்ணே ஒண்ணு பொருந்தல. நீங்க ‘மரியாதை’ன்னு போட்ட எடத்துல அங்க கிரேஸ்னு இருக்கு. ரெண்டு எடத்துலயும்.

கிரேஸுக்கு மொத அர்த்தம் அழகு. அடுத்தது கருணை. சரி, மரியாதையும் அந்தச் சொந்தமாத்தான் இருக்கும்னு மூடப் போனேன். ஆனா விதியில ‘முடிவுல வர்ற கிரேஸ் வரைக்கும்’னுல்ல இருக்கு? மரியாதை எங்க முடிவுல வரும்? இன்னும் கீழ படிச்சேன். ‘சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஆண்டவனுக்குச் சொல்லும் நன்றி’ன்னு போட்டிருக்கு.

அதாவது துஆ.

அப்புறம்தான் உங்க டிசம்பர் கடுதாசிய எடுத்தேன். ‘கடைசியில் பாதிரியார் எழுந்து ஓதுவார். அதற்கு முன்னமே நான் எழுந்து வெளியே வந்துவிடுவேன்.’ உங்க கையெழுத்துதான்.

மச்சான், இப்ப கேக்குறேன். ஆமா இல்லன்னு சொல்லுங்க.

கடைசி கிரேஸ் முடியிற வரைக்கும் ஹால்ல இருந்தாத்தான் அந்த ராத்திரி கணக்குல சேரும். சரியா?

நீங்க அதுக்கு முன்னாடியே வெளிய வந்துட்டீங்க. சரியா?

அப்ப நீங்க போன ராத்திரி ஒண்ணாச்சும் கணக்குல சேந்துச்சா?

‘தவணைகள் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கின்றன’ன்னா என்ன? போகுதா, போயிருச்சா?

இல்ல, என்கிட்ட சொன்னதுதான் பொய்யா? பாதிரியார் ஓதும்போது மத்தவங்களோட நின்னுட்டு, வாப்பாவுக்குப் பயந்து வெளிய வந்தேன்னு எழுதினீங்களா? நின்னிருந்தா வாப்பா என்னைப் பிரிச்சுடுவாங்க. நிக்கலைன்னா ஒரு வருசம் போச்சு, நீங்க வக்கீலே இல்ல. இதுல ஒண்ணுதான் உண்மையா இருக்க முடியும். எதுன்னு தெரியாம எனக்கு தூக்கம் வரல.

ஒண்ணு கண்டுபிடிச்சுட்டேன். நீங்க ஒளிக்கும்போதுதான் செந்தமிழ் எழுதுறீங்க. இதுக்குப் பதிலை நீங்க பேசுற மாதிரி எழுதுங்க. ‘கண்டேன்’ ‘வருந்தினேன்’னு வந்துச்சுன்னா படிக்காமலே வாப்பாகிட்ட கொடுத்துடுவேன்.

ஜெய்னம்பு


லண்டன்
5 பிப்ரவரி

ஏ புள்ள,

ஆமா. ஆமா. ஒண்ணும் சேரல.

மொதத் தவணையிலேயே ஆபீஸ்ல கூப்பிட்டு சொல்லிட்டாங்க. “மிஸ்டர் சுப்ஹான், கிரேஸுக்கு முன்னாடி போயிட்டா வராத மாதிரிதான்.” அடுத்த தவணை நின்னுடலாம்னுதான் போனேன். பாதிரியார் நாற்காலிய நகத்துற சத்தம் கேட்டதும் காலு தானா வாசலுக்குப் போயிருச்சு. மூணாவது தவணையும் அப்படியே. இந்தத் தவணைக்கு நான் போகவே இல்ல.

ஏன்னு கேப்பே. கப்பலேறுன அன்னிக்கி மாமா என்னைத் தனியா கூட்டிட்டுப் போயி கையப் புடிச்சாங்க. “என்ன வேணா படி. அவனுங்க ஓதுற எடத்துல மட்டும் நிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு.” பண்ணிட்டேன். இங்க வந்து பாத்தா, அந்த எடத்துல நின்னாத்தான் படிப்பே.

எழுதியிருக்கலாம்தான். எழுதினா, “அப்ப படிப்பு வேணாம், திரும்பி வா”ன்னுவாங்க. திரும்பி வந்து கடையில தட்டு எடுக்கவா? எல்லாரும் ‘வக்கீல்’னு கூப்பிட்டுக்கிட்டே பரோட்டா கேப்பாங்க. அதை நெனச்சுத்தான் மரியாதைன்னு போட்டேன்.

குடிக்கல புள்ள. தொடல. இதுக்கு சாட்சி இல்ல, நீ கேக்குறது சரிதான்.

உங்க வாப்பாகிட்ட என்ன சொல்லணும்னு நீயே பாத்துக்க. காஜியார் பிரிக்கச் சொன்னா நான் எழுதித் தரேன். உன்னைக் காக்க வைக்க எனக்கு என்ன பாத்தியதை இருக்கு?

சுப்ஹான்


786
ஜொகூர் பாரு
26 பிப்ரவரி 1937

மச்சானுக்கு சலாம்.

பெருநாளுக்கு மறுநாளே வாப்பா என்னைக் கூட்டிக்கிட்டு காஜியார் வீட்டுக்குப் போயிட்டாங்க. ரெங்கத்துப் பெரியவாப்பாவும் வந்தாங்க. நானும் உம்மாவும் உள் ரூம்ல, நடுவுல ஒரு மெல்லிசு துணித் திரை, ஆளு நெழலாத்தான் தெரியுது. காஜியார் வயசான மலாய்க்காரர், நிதானமா பேசுறவரு. பேச்செல்லாம் மலாயிலதான். நமக்குள்ள தமிழ்ல எழுதுறேன்.

வாப்பா ஆரம்பிச்சாங்க. சத்திரம், மது, மேசை, மூணு வெள்ளைக்காரன், எல்லாத்தையும் சொன்னாங்க. “அவங்களோட உக்காந்து தின்னாத்தான் பதிவாம் தோக் காஜி. ஒரு வருசமா உக்காந்துட்டான். இதுக்கு மேல என்ன வேணும்?”

காஜியார் கேட்டாரு, “மாப்பிள்ளை சார்புல பேச யாராச்சும் இருக்காங்களா?”

யாரும் இல்ல. பெரியவாப்பா வாப்பா பக்கம். பேப்பர்ல படிக்கும்போது வக்கீலுங்க எந்திரிச்சவுடனே பேசுற மாதிரி இருக்கும். நெசத்துல எந்த வார்த்தையில ஆரம்பிக்கிறதுன்னே தெரியல மச்சான். இருந்தாலும், “நான் பேசுறேன்”னுட்டேன்.

உம்மா என் கையக் கிள்ளினாங்க. வாப்பா, “நீ சும்மா இரு”ன்னாங்க. காஜியாரு, “அந்தப் புள்ளையோட கல்யாணம்தானே, பேசட்டும்லா”ன்னாரு.

விதியச் சொன்னேன். சாப்பிடணும்னு இல்ல, ஆனா கடைசி துஆ முடியிற வரைக்கும் ஹால்ல இருக்கணும். இருந்தா அந்த ராத்திரி பதிவாகும், எந்திரிச்சுட்டா ஆகாது. அப்புறம் வாப்பாவைக் கேட்டேன். “வாப்பா, கப்பலேறுன அன்னிக்கி மச்சான்கிட்ட ஒரு சத்தியம் வாங்கினீங்களா?”

“எந்தச் சத்தியம்?”னாங்க.

“ஓதுற எடத்துல நிக்க மாட்டேன்னு. வாங்கினீங்களா இல்லையா?”

“வாங்கினேன். அதுக்கென்ன?”

“மச்சானுக்கு ஒரு ராத்திரி கூட பதிவாகல வாப்பா. ஒரு தவணை கூட இல்ல. அங்க மச்சானைத் தோத்தவர்னு சொல்றாங்க. ஏன் தோத்தாரு? ஒவ்வொரு தடவையும் அந்த துஆவுக்கு முன்னாடி எந்திரிச்சு வெளிய வந்தாரு. உங்க சத்தியத்தை ஒடைச்சிருந்தா இன்னிக்கி கணக்கு நேரா இருந்திருக்கும். அந்த ஒண்ணுக்கே படிப்பை விட்டவரு, யாரும் பாக்காத மதுவுக்கு மார்க்கத்தை விட்டிருப்பாருங்கிறீங்களா?”

பெரியவாப்பா தொண்டையச் செருமினாங்க.

வாப்பா, “ஒரு வருசம் படிப்பு போச்சா? என்னாலயா?”ன்னாங்க. திட்டுற மாதிரியும் இருந்துச்சு, வேற மாதிரியும் இருந்துச்சு. திரை நடுவுல இருந்ததால மொகம் தெரியல.

காஜியார் சொன்னாரு, “அவங்க நன்றி சொல்லும்போது எடத்துல இருக்கிறது, அவங்களோட வணங்குறது ஆகாது. மனசுல என்ன நினைக்கிறோமோ அதுதான். ஆனா சத்தியம் சத்தியம்தான். அதுக்கு உண்டான பரிகாரத்தை மாப்பிள்ளை கொடுத்துடட்டும், நீங்களும் விட்டுக் கொடுங்க, உதுமான்.” வாப்பா, “விட்டேன்”னு மெதுவா சொன்னாங்க.

அதோட முடிஞ்சதுன்னு நெனச்சேன். காஜியார் திரை பக்கமா திரும்பி உக்காந்தாரு.

“உன்னை ஒண்ணு கேக்கணும். இன்னும் நாலு வருசம் கூட ஆகலாம். அவரை நம்புறியா?”

பொய் சொல்ல மனசு வரல.

“நம்பல, தோக் காஜி.”

“பாத்தீங்களா!”ன்னு வாப்பா எந்திரிச்சாங்க.

“ஒரு வார்த்தைய மாத்திப் போட்டு என்னை ஏமாத்தப் பாத்தாரு. அதை நான் மறக்க மாட்டேன். ஆனா காத்திருக்கேன். பிரிக்க வேணாம்.”

காஜியார் சிரிச்சுட்டு, “நம்பிக்கை இல்லாம எப்படிக் காத்திருப்பே?”ன்னாரு. “கவனிச்சுக்கிட்டே காத்திருப்பேன்”னேன். அதை அவரு எழுதிக்கிட்டாரா இல்ல சும்மா கிறுக்கினாரான்னு தெரியல.

இப்ப நீங்க கேளுங்க. ஏப்ரல் தவணைக்குப் பேரைப் பதிஞ்சுடுங்க. கடைசி கிரேஸ் வரைக்கும் இருங்க. அவங்க அவங்க துஆவை ஓதட்டும், நீங்க மனசுக்குள்ள உங்களதை ஓதுங்க. நாற்காலி சத்தம் கேட்டு காலு நகந்தா, என்னை நெனச்சுக்கிட்டு நில்லுங்க. பரீட்சையில தோத்தாலும் ‘தோத்துட்டேன் புள்ள’ன்னு எழுதுங்க, தாங்கிக்குவேன்.

இந்தத் தடவை உங்களுக்காக வாப்பாவை எதுத்துப் பேசினேன். இன்னொரு பொய் வந்துச்சுன்னா அடுத்த தடவை வாப்பா பக்கம் நின்னு பேசுவேன். அன்னிக்கி நீங்க வக்கீலா இருந்தாலும் ஜெயிக்க மாட்டீங்க.

ஜெய்னம்பு